கோழி அடைக்கிற நேரம்

"மடத்தைச் சாத்திட்டியாட்டி?"

விளக்கு வைக்கிற நேரத்தில் ஆச்சி தவறாமல் என்னைக் கேட்ட கேள்வி இது. சாப்பிட்டாயா, பாடம் படித்தாயா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். நான் சாத்தியிருப்பேன், சாத்திவிட்டேன் என்றும் சொல்வேன். ஆனாலும் அவள் எழுந்து போய்ப் பலகையை ஒரு தட்டுத் தட்டி, முட்டுக்கொடுத்த குழவிக்கல்லைக் காலால் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். அறுபதுகளின் கடைசி, எழுபதுகளின் தொடக்கம். விக்கிரமசிங்கபுரத்துக்கு மேற்கே, பொதிகை மலை நிழல் விழுகிற அடிவாரத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கு மில்லில் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்துத் தண்ணீரை நம்பி ஆரம்பித்த மில் அது. ஆண்களுக்கு நேரம் சொன்னது மில் சங்கு. பெண்களுக்கு நேரம் சொன்னது கோழி: கூப்பிட்டால் எழ வேண்டும், அடைந்தால் சாத்த வேண்டும்.

மடம் என்றதும் சாமியார் மடத்தை நினைத்துவிட வேண்டாம். கோழி அடைகிற இடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். எங்கள் வீட்டில் அது புறவாசல் திண்ணைக்குள்ளேயே இருந்தது. திண்ணை கட்டும்போதே கொத்தனார் அடியில் ஒரு பொந்து விட்டுக் கட்டியிருந்தார். சுற்றிலும் கல்லும் சுண்ணாம்பும், மேலே பாவுகல். வாய் ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் உயரம். உள்ளே ஒரு முழம் நேராகப் போய், அப்புறம் இடது பக்கம் திரும்பும். கோழிகள் அந்தத் திருப்பத்துக்கு உள்ளேதான் அடையும். முட்டை எடுக்க நான் தோள்வரை கையை விட்டு, கன்னத்தைத் திண்ணைச் சுவரில் ஒட்டிக்கொண்டு துழாவ வேண்டும். எச்சம் வாருவதற்கென்றே ஒரு சிரட்டையில் வளைந்த காம்பு சொருகி வைத்திருந்தாள் ஆச்சி. வாரி முடித்ததும் அடுப்புச் சாம்பலை ஒரு கை அள்ளி உள்ளே வீசுவாள். கதவு, வைரம் பாய்ந்த பனம்பலகை. மேலிருந்து காடியில் இறக்கினால் உட்கார்ந்துவிடும். அதற்கு முன்னால் குழவிக்கல்.

"இந்தத் திருப்பம் எதுக்கு ஆச்சி? நேராக் கட்டியிருந்தா முட்டை எடுக்கச் சுளுவா இருக்கும்லா?"

"உனக்குச் சுளுவா இருந்தா புலிக்கும் சுளுவாத்தான் இருக்கும்."

எங்கள் ஊர்ப் பேச்சில் சிறுத்தையும் புலிதான். கோடு போட்ட பெரியது வரிப்புலி. அது மலையை விட்டு இறங்காது. இறங்குகிறது புள்ளி போட்டது. நாய், ஆடு, கன்றுக்குட்டி, கோழி என்று கிடைத்ததைத் தூக்கும்.

முப்பத்தைந்து வருஷம் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்ற பிறகு, இந்தக் கோழி மடத்துக்கு ஏதாவது வரலாறு எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடினேன். கோயிலுக்கு இருக்கிறது, அணைக்கு இருக்கிறது, அல்வாவுக்குக்கூட இருக்கிறது. மடத்துக்கு இல்லை. எனக்குத் தெரிந்ததை நான்தான் எழுத வேண்டும்.

இந்த ஆற்றங்கரையில் கோழிக்கும் புலிக்கும் உள்ள கணக்கு மிகப் பழையது. தாமிரபரணி ஸ்ரீவைகுண்டத்தை நெருங்கும் இடத்தில், தென்கரையில் ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜெர்மனிக்காரர் ஜாகோர் அங்கே தோண்டிப் பார்த்தார். அவருக்குப் பிறகு 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். தாழிகளோடு கிடைத்த வெண்கலப் பொருள்களில் மிருக உருவங்களும் உண்டு. வீட்டில் வளர்க்கிறவற்றில் எருமை, ஆடு, சேவல். காட்டில் திரிகிறவற்றில் புலி, மான், யானை. ரீ எடுத்தவற்றில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போனபோது, ஒரு பையன் சேவலையும் புலியையும் காட்டி, "டீச்சர், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா சண்டை வராதா?" என்று கேட்டான். அவன் வீட்டிலும் கோழி இருந்தது.

குறுந்தொகையிலும் இந்தக் கவலை உண்டு. 139-ஆம் பாட்டில், மாலை நேரத்தில் வேலியோரம் வெருகு, அதாவது காட்டுப்பூனை, வந்துவிட்டதைக் கண்டு வீட்டுக்கோழி பதறித் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. 107-ஆம் பாட்டில், கணவனோடு தூங்குகிறவளை விடியற்காலையில் எழுப்பிவிட்ட சேவல், காட்டுப்பூனைக் குட்டிக்கு இரையாகப் போகட்டும் என்று சாபம் வாங்குகிறது. இரண்டாவதை எழுதியவர் மதுரைக் கண்ணனார். முதல் பாட்டு ஒக்கூர் மாசாத்தியார் எழுதியது. பெண். மாலை, வேலி, பதறுகிற தாய்க்கோழி என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க, கோழி அடைத்துப் பழகிய கண் வேண்டும்.

தமிழ்நாட்டில் புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்குக் கல் உண்டு. கொங்குப் பக்கமும் தருமபுரிப் பக்கமும் புலிக்குத்திக் கற்கள் இருக்கின்றன. ஆட்டையும் மாட்டையும் காக்கப் போய் உயிரை விட்டவர்கள் அவற்றில் ஈட்டியோடு நிற்கிறார்கள். சேவலுக்கே கல் உண்டு. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், சண்டையில் செத்த சேவலுக்கு எழுத்து வெட்டி நிறுத்திய நடுகல் இருக்கிறது. தினமும் சாயங்காலம் பலகையை இறக்கிக் குழவியை முட்டுக்கொடுத்தவளுக்குக் கல் இல்லை. அவள் செய்த வேலையில் சண்டையே வரவில்லை. சண்டை வராமல் பார்த்துக்கொண்டதுதான் அவள் வேலை.

அந்தக் காவலுக்கு மூன்று சுற்று உண்டு. முதல் சுற்று வேலி. எங்கள் சீமையில் உடைமரத்துக்குப் பஞ்சமில்லை. உடைமுள்ளை வெட்டிக் கவட்டைக்கம்பால் அமுக்கி, ஆள் உயரத்துக்கு அடைப்பார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் மாசாய் மக்களும் சிங்கத்துக்குப் பயந்து மாட்டுப்பட்டியைச் சுற்றி இதே வகை முள்ளைத்தான் அடுக்குகிறார்கள் என்று பின்னால் படித்தேன். முள்வேலியால் சிறுத்தையை நிறுத்த முடியாது. அது மரமேறி, பாய்ந்து விழும். ஆனால் யோசிக்க வைக்கும், சலசலப்பும் கேட்கும்.

இரண்டாவது சுற்று நாய். நாய் காவலுக்கு என்றுதான் நினைக்கிறோம். ஆச்சியின் கணக்கு வேறு. நரி, மரநாய், திருடன் வந்தால் நாய் குரைக்கும். புலி வந்தால் குரைக்காது, கட்டிலுக்கு அடியில் வந்து படுத்துக்கொள்ளும். அதனால் நாயின் சத்தத்தைவிட நாயின் மௌனத்துக்குத்தான் அவள் காது கொடுப்பாள்.

மூன்றாவது சுற்று மடம். பஞ்சாரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மிலாரால் முடைந்த அந்தக் கூடை பகல்நேரச் சாமான். குஞ்சுகளோடு தாய்க்கோழியைப் போட்டுக் கவிழ்த்தால் பருந்து, காக்கை, கீரி அண்டாது. ராத்திரியில் பஞ்சாரத்தை வெளியே விட்டால் அது புலிக்கு மூடி போட்டு வைத்த சாப்பாடு.

1971 மார்கழி. சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட செங்கருப்புச் சேவல் ஒன்று இருந்தது. கொடைக்குக் கொடுக்க வேண்டியது, அதனால் யாரும் அதட்டாமல் வளர்ந்து, மடத்துக்குள் அடங்காமல் முருங்கை மரத்தில் ஏறி அடையப் பழகிவிட்டது. கம்பை எடுத்துத் தட்டி இறக்கி உள்ளே விரட்டுவது என் வேலை. அன்றைக்குப் பனி. பக்கத்து வீட்டு மதினி கோலப்பொடி கலர் காட்டிக்கொண்டிருந்தாள். நான் பெட்டைகளை மட்டும் அடைத்துவிட்டுப் போய்விட்டேன். ஆச்சி வழக்கம்போலப் பலகையைத் தட்டிப் பார்த்தாள். மரத்தை அண்ணாந்து பார்க்கவில்லை.

நடுச்சாமத்தில் நாய் கட்டிலுக்கு அடியில் வந்து படுத்தது. முருங்கைக் கிளை முறிகிற சத்தம். ஒரே ஒரு கொக்கரிப்பு, பாதியில் நின்றது. அப்புறம் திண்ணைப் பக்கம் பலகையில் நகம் இழுக்கிற சத்தம், அரம் வைத்துத் தேய்ப்பதுபோல. ஆச்சி எழுந்திருக்கவில்லை, எங்களையும் எழுந்திருக்க விடவில்லை. அப்பா மட்டும் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துத் தட்டினார்.

விடிந்ததும் பார்த்தோம். முருங்கைக்கு அடியில் செங்கருப்பு இறகு. குழவிக்கல் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. பனம்பலகையில் நான்கு கோடு, பென்சிலால் இழுத்த மாதிரி நேராக, நடுவில் ஆழமாக, ஓரத்தில் மெலிந்து. பலகையை உயர்த்தினால் ஆறு பெட்டையும் வரிசையாக வெளியே வந்து, ஒன்றுமே நடக்காததுபோல மண்ணைக் கிளறின.

ஆச்சி புலியைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினாள். சேவல் விஷயத்தில் அவளே ஒரு தீர்ப்பும் சொன்னாள். "கொடை வரைக்கும் பொறுக்கல போல, மாடனே வந்து எடுத்துக்கிட்டாரு." ஆனாலும் அம்பாசமுத்திரம் சந்தையில் வேறொரு சேவல் வாங்கி நேர்ந்துவிட்டாள். மாடனிடம் அவள் கடன் வைப்பதில்லை.

நான் பிறப்பதற்கு முன்னால் ஊருக்கு வேறொரு வழியும் இருந்தது: துப்பாக்கி. வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை மாகாண அரசு, புலியையும் சிறுத்தையையும் கொன்றவருக்கு வெகுமதி கொடுத்தது. மணிமுத்தாறுக்கு மேலே உள்ள காடு சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது. 1929-இல் அந்தக் காட்டில் எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு பம்பாய் பர்மா கம்பெனி எடுத்தது. காடு வெட்டித் தேயிலை போட்டார்கள், மாஞ்சோலை உண்டானது. என் சித்தி ஒருத்தி அங்கே கொழுந்து பறித்தாள். லயன் வீட்டில் திண்ணைக்குள் மடம் வைக்க எங்கே இடம்? அதனால் பழைய தேயிலைப் பெட்டி ஒன்றில் காற்றுக்கு ஓட்டை போட்டு, ராத்திரி கோழிகளை அதற்குள் விட்டு, பெட்டியை அடுப்பங்கரைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவாள். வீட்டோடு வாசனை வரும். ஆனால் புலியின் ஊருக்கு நடுவில் இருந்துகொண்டு அவள் ஒரு கோழியைக்கூடப் புலிக்குக் கொடுத்ததில்லை.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்களும் இதை அறிவார்கள். குடும்பத்தோடு காட்டுக்குள் குடில் போட்டுத் தங்குகிற நாள்கள் அவை. அய்யனாருக்குச் சைவப் படையல், பரிவார தெய்வங்களுக்குச் சேவல். அந்தச் சேவல்களைக் காலில் கயிறு கட்டி, குடிலுக்குள் தலைமாட்டில் போட்டுக்கொண்டுதான் எங்கள் வீட்டில் படுத்தார்கள். அய்யனார் காட்டில் புலி ஒன்றும் செய்யாது என்று சொல்லிக்கொண்டேதான் கயிற்றையும் இறுக்கினார்கள்.

1962-இல் முண்டந்துறை சரணாலயம் ஆனது. 1972-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் களக்காடு சரணாலயம் ஆனது. 1988-இல் இரண்டையும் சேர்த்துக் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். சிறுத்தை இன்றைக்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொல்வது குற்றம், விஷம் வைப்பதும் குற்றம். இதில் எனக்கு வருத்தமில்லை. ஆற்றில் தண்ணீர் வருவது அந்தக் காட்டினால்தான் என்று எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். துப்பாக்கி போனபோது எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் கோழியைக் காத்தது துப்பாக்கி இல்லை.

ஆனது திண்ணை போனபோதுதான். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாக இடித்துக் கான்கிரீட் போட்டார்கள். திண்ணை இடத்தை அடைக்கிறது என்று முதலில் அதைத்தான் எடுத்தார்கள். திண்ணையோடு மடமும் போயிற்று. மடம் போன விஷயம் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் வரைபடத்தில் அது இருந்ததே இல்லை. எங்கள் வீடு இடித்தபோது அந்த நான்கு கோடு போட்ட பலகை வென்னீர் அடுப்புக்குப் போனது. அதைத் தடுக்க எனக்குத் தோன்றாமல் போனது இன்றுவரை உறுத்துகிறது.

மடம் போன இடத்தில் கோழி வலை வந்தது. நாலு இரும்புக் குழாய், சுற்றிலும் அறுகோணக் கண் வலை, மேலே ஒரு தகரம். பார்க்க அழகாக இருக்கும். அந்த வலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும். வெளியிலிருந்து வருவதை அது நிறுத்தாது. நகம் மாட்டி ஒரு இழுப்பு இழுத்தால் பிரிந்துவிடும். என் தம்பி வீட்டில் அப்படித்தான் ஒரே ராத்திரியில் பதினோரு கோழி போயிற்று. தூக்கிக்கொண்டு போனது ஒன்றோ இரண்டோதான், மற்றதெல்லாம் உள்ளேயே கிடந்தன. அடைத்த இடத்துக்குள் புகுந்துவிட்டால் சிறுத்தை பசிக்கு ஒன்று என்று நிற்காது. கண் முன்னால் படபடக்கிற எல்லாவற்றையும் அடிக்கும். வாய் சிறுத்து, உள்ளே திரும்பி, இருட்டாக இருந்த பழைய மடத்தில் அதற்குக் கோழி கண்ணிலேயே படாது.

2024 மே மாதம் பாபநாசம் அடிவாரத்து வேம்பையாபுரத்திலும் அனவன்குடியிருப்பிலும் சிறுத்தை நடமாட்டம் என்று பேச்சு. ஆடும் நாயும் போயிற்று, ஜனங்கள் பயந்தார்கள். வனத்துறை கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்து, கொண்டுபோய் அடர்ந்த காட்டில் விட்டது. பயந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குழந்தையைத் தெருவில் விளையாட விட்டவளுக்கு வேறு என்ன தோன்றும்? ஆனால் பிடித்துக்கொண்டுபோய் விடுவதால் காரியம் முடிவதில்லை. மகாராஷ்டிரத்தில் ஜுன்னார் பகுதியில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறுத்தைகளைப் பிடித்து வேறு இடங்களில் விட்டார்கள். அதன் பிறகு மனிதர்கள்மீது தாக்குதல் கூடியதே தவிரக் குறையவில்லை என்று வித்யா ஆத்ரேயா முதலான ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதே மாநிலத்தில் அகோலே என்ற ஊர்ப்பக்கம் சிறுத்தைகள் எதைத் தின்கின்றன என்று எச்சத்தை வைத்துப் பார்த்தபோது, முதல் இடத்தில் இருந்தது நாய். ஒன்றைப் பிடித்துப் போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். சாப்பாடு அங்கேயேதான் கிடக்கிறது.

கூண்டில் சிக்கிய சிறுத்தையை செல்போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். நல்ல இரும்புக் கம்பி, மேலே கெட்டித் தகடு, பலகை மேலிருந்து காடியில் இறங்குகிற கதவு. அதைப் பார்த்ததும் ஆச்சியின் மடம்தான் நினைவுக்கு வந்தது. அவள் இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் கேட்டிருப்பாள்: "புலிக்கு எதுக்குட்டி மடம்? கோழிக்குல்லா வேணும்."

நான் சொல்ல வந்ததும் அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான வருஷமாக இந்த அடிவாரத்தில் அடைபட்டது கோழிதான், புலி இல்லை. எங்கள் ஒரு தலைமுறைக்குள் அது தலைகீழாகிவிட்டது. கோழியை வலைக்குள் காட்சிக்கு வைத்துவிட்டு, புலிக்குக் கூண்டு கேட்டு மனுக் கொடுக்கிறோம்.

ஓய்வுப் பணத்தில் கொஞ்சம் எடுத்துப் போன வருஷம் ஒரு மடம் கட்டினேன். திண்ணை இல்லாததால் சமையலறைச் சுவரை ஒட்டி, சிமெண்டுக் கல்லில். மேலே கான்கிரீட் சிலாப். காற்றுக்கு இரண்டு துவாரம், அதில் விரல் கனக் கம்பி. வாயில் இரும்புத் தகடு, காடியில் இறங்கும், கொக்கி உண்டு. கொத்தனார் தம்பிக்கு அந்தத் திருப்பம்தான் புரியவில்லை. "எதுக்கு டீச்சர் வீணா வளைச்சு?" என்றான். சொன்னேன், சிரித்தான், கட்டிக்கொடுத்தான். பக்கத்தில் இருந்த முருங்கையின் தாழ்ந்த கிளைகளை வெட்டிவிட்டேன். நாயை ராத்திரி வெளியே கட்டுவதில்லை, அதற்கும் உள்ளேதான் படுக்கை. கறிக்கடைக் கழிவை ஓடையோரம் கொட்டுகிறவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் கழிவுக்குத் தெருநாய் கூடுகிறது, நாய்க்குப் புலி வருகிறது.

இதனால் கோழி சாகாது என்று சொல்ல மாட்டேன். வெள்ளைக் கழிச்சல் வந்தால் எந்த மடமும் தடுக்காது. எங்கள் வீட்டில் இதுவரை புலி கொன்றதைவிடக் கழிச்சல் கொன்றதுதான் அதிகம், தடுப்பூசியை மறக்கக் கூடாது. புலிக்குப் போகாமல் இருக்க மட்டும் மடம் போதும்.

அடிவாரத்தில் புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு: காருக்கு இடம் விடுகிறீர்கள், தண்ணீர்த் தொட்டிக்கு இடம் விடுகிறீர்கள். கோழி வளர்க்கிற எண்ணம் இருந்தால் அதற்கும் வரைபடத்திலேயே இடம் விடுங்கள். வாய் ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் உயரம். உள்ளே ஒரு முழம் நேராகப் போய், இடது பக்கம் ஒரு திருப்பம். சாத்திய பிறகு மரத்தையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.